புங்க மரத்தைக் கழுவிய நாள்

நாங்கள் மரத்தைக் கழுவினோம்.

பள்ளிக்கூட வாசலில் நின்ற புங்க மரம். கல்லுடைக்கும் மிஷினின் தூசி படிந்து படிந்து, உடம்பெல்லாம் சாம்பல் பூசிய பரதேசி மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீர் சுமந்து வந்து, எட்டிய கிளையைக் கையால் தேய்த்தும் எட்டாத கிளைக்குச் சொம்பால் வீசியும் கழுவினோம். இலையிலிருந்து பால் மாதிரி வெள்ளையாக ஒழுகியது. பொழுது சாய்வதற்குள் மரம் பச்சையாகிவிட்டது. அதைப் பார்த்துக் கைதட்டினோம்.

கழுவச் சொன்னவள் நான். அந்த ஊர்த் தொடக்கப் பள்ளி டீச்சர்.

ஏன் கழுவினோம்? மறுநாள் அதிகாரி வருகிறார். எதைப் பார்க்க வருகிறார்? தூசியைப் பார்க்க.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் விழுப்புரம் ஜங்ஷனைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் நினைவுகள் மனதுக்கு இதமாக இருக்கின்றன" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். இந்த வாரம் இதமாக எழுத என்னால் முடியாது. அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குன்றடியில் ஒரு மிஷின்

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் எழுதவில்லை. ஊருக்கு வடக்கே ஒரு குன்று. சுற்றிலும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் கேப்பையும் விளைகிற மேட்டு நிலம். அந்தக் குன்றில் கையால் கல் உடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் யாருக்கும் தொல்லை இல்லை.

ரோடு அகலப்படுத்த ஜல்லி வேண்டும் என்று காண்டிராக்டர் ஒருவர் எஞ்சின் வைத்து ஓட்டுகிற மிஷினைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே நிறுத்தினார். குன்றைச் சுற்றி எத்தனையோ இடம் இருந்தது. இங்கேதான் லாரி திரும்ப வசதியாம். பிள்ளைகள் சடுகுடு ஆடிய இடம் அது.

மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு சோற்றைக் கடித்தால் நறநறவென்றது. தயிரின் மேல் ஆடையோடு தூசியும் படிந்தது. பிள்ளைகள் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தால் விரலில் சேறு வந்தது. வாய்ப்பாடு சொல்லும்போது வகுப்பே இருமும். ஒருவன் தொடங்கினால் வரிசையாக எல்லாரும்.

அந்த வரிசையில் என் மகள் வசந்தாவும் இருந்தாள். எட்டு வயது. அவள் இருமல் மற்றப் பிள்ளைகளின் இருமல் மாதிரி இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி அழுகிற சத்தம் கேட்கும். உட்கார்ந்துகொண்டே தூங்குவாள். நான் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

காண்டிராக்டரிடம் போய்ச் சொன்னேன். மிஷினை நூறு கஜமாவது தள்ளி வையுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மிஷினு ஓடினாத்தான் ரோடு. ரோடு வந்தாத்தான் பஸ்ஸு. பஸ்ஸு வந்தாத்தான் உங்க பொண்ணை நீங்க டவுன் டாக்டராண்ட இட்டுக்கினு போவ முடியும். நல்லதுக்குத்தான் பண்றோம் டீச்சரம்மா."

அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

நிறைந்த நாள்

மனு எழுதுவது என்று முடிவானது. என்னோடு முன்னால் நின்றவர் கோவிந்தசாமி. மிஷினுக்குப் பக்கத்து நிலம் அவருடையது. மல்லாட்டைச் செடியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

"கொடியை அறுத்து மாட்டுக்குப் போட்டா, மோந்து பாத்துட்டு மூஞ்சைத் திருப்பிக்கினு போவுது டீச்சரம்மா. மாட்டுக்கு இருக்கிற ரோசம் நமக்கு இல்லியே" என்றார்.

நான் எழுதினேன். ஊர் கையெழுத்துப் போட்டது; தெரியாதவர்கள் ரேகை வைத்தார்கள். இந்தக் கல் வேலையை உடனே நிறுத்த வேண்டும் என்பது மனுவின் கடைசி வரி. பல நடை நடந்த பிறகு, அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா நல்லவர். இரண்டு தேதி சொல்லி, "எது உங்களுக்குத் தோது?" என்று கேட்டார்.

கோவிந்தசாமி பஞ்சாங்கத்தைப் பார்த்தார். "ஒண்ணு அஷ்டமி. வேணாம். இன்னொண்ணு அமாவாசை. நிறைஞ்ச நாளு, எடுத்த காரியம் ஜெயம்" என்றார். படித்த நானும் தலையாட்டினேன். அமாவாசைக்கே சொல்லி அனுப்பினோம்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். விழுப்புரத்தில் நான் ஆசிரியப் பயிற்சி படித்தபோது எங்களுக்குப் பாடத்தைவிட அதிகமாகச் சொல்லிக்கொடுத்தது, இன்ஸ்பெக்ஷனுக்கு எப்படித் தயாராவது என்பதைத்தான். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஒட்டடை இருக்கக் கூடாது, மைக்கறை இருக்கக் கூடாது, பானைத் தண்ணீர் மேல் வெள்ளைத் துணி இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் வருகிறார் என்றால் என் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். ஊர்ப் பெண்களுக்கும் அப்படியே. ஜீப் வரப்போகிற தெரு குப்பையாக இருந்தால் ஊருக்கு அவமானம் இல்லையா?

ஆக, தெருவைப் பெருக்கினோம். சாணம் தெளித்தோம். பள்ளிக்கூடத்துச் சுவரைக் கழுவினோம். மரத்தையும் விடவில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். வாசலெல்லாம் மாக்கோலம். புங்க மரம் பளபளவென்றிருந்தது. குன்றிலோ ஒரு சத்தமும் இல்லை. கல் வேலை செய்கிறவர்கள் அமாவாசையன்று உளியைத் தொட மாட்டார்கள். அன்றைக்கு வேட்டு வைத்தால் கையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று பயம். மாதாமாதம் அவர்களுக்கு அன்றைக்குத்தான் லீவு. இது எங்களில் யாருக்கும் நினைவில் இல்லை. மாதத்தில் ஒரு நாள் நாங்கள் இருமாமல் சாப்பிடுகிறோமே, அது ஏன் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

அதிகாரி குன்றைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்ல காற்று" என்றார்.

"இன்னைக்கி மட்டும் ஓட்டலைங்க, மத்த நாள்ல…" என்று கோவிந்தசாமி ஆரம்பித்தார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வீர்கள்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார். காண்டிராக்டர் பின்சீட்டில் இருந்தார்.

அஞ்சலை கேட்ட கேள்வி

சில வாரம் கழித்துக் காகிதம் வந்தது. தூசி எதுவும் காணப்படவில்லை. தெரு சுத்தமாக உள்ளது. மரங்கள் செழிப்பாக உள்ளன. புகார் மிகைப்படுத்தப்பட்டது.

மரங்கள் செழிப்பாக உள்ளன! அந்த வரியைப் படித்தபோது தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. அதிகாரி மேல் கோபமா, காண்டிராக்டர் மேலா, கோவிந்தசாமியின் பஞ்சாங்கத்தின் மேலா, என் மேலா என்று பிரிக்க முடியாத கோபம்.

அன்றைக்கு மத்தியானம் அஞ்சலை பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். குன்றடியில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு கல் வேலை செய்த குடும்பங்களில் ஒருத்தி. மிஷினுக்குக் கல் எடுத்துப் போடுவது அவள் வேலை. அவள் புருஷன் எழுந்து நடக்க முடியாமல் குடிசையில் கிடந்தான். புருவத்திலும் இமையிலும் தூசியோடு வாசலிலேயே நின்றாள்.

"அமாவாசைக்கா இட்டாருவீங்க அதிகாரியை? எங்களாண்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?"

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"மனுவுல இன்னா எழுதினீங்க? கல் வேலையையே நிறுத்துன்னு தானே? நாங்க மண்ணைத் துன்றதா? கல்லு மேல தண்ணி ஊத்தி உடைக்கச் சொல்லி எழுதினீங்களா? மிஷினைத் தள்ளி வைக்கச் சொல்லி எழுதினீங்களா? எம் புருசன் ரத்தமா துப்பிக்கினு கிடக்கிறான், அதை எழுதினீங்களா?"

எழுதவில்லை. ஊரே கையெழுத்துப் போட்டது என்று பெருமையாக இருந்தேனே, குன்றடிக் குடிசைகள் பக்கம் நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு போகவே இல்லை. தூசியை முதலில் விழுங்கியவர்களை விட்டுவிட்டுத் தூசியைப் பற்றி மனு எழுதியிருக்கிறேன்.

"உள்ளே வா அஞ்சலை, சொல்லு, எழுதறேன்" என்றேன்.

"ஒடம்பெல்லாம் மாவு. பெஞ்சி கெட்டுப்பூடும்" என்றாள். பிறகு அவளே பெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏற்கெனவே கெட்டுத்தான் கிடக்குது" என்று உட்கார்ந்தாள்.

துடைப்பத்தைத் தொடாத தெரு

இரண்டாவது மனு அஞ்சலை சொல்லச் சொல்ல எழுதியது. மிஷினைத் தள்ளி வை, கல்லை நனைத்து உடை, நோயில் விழுந்தவனுக்கு வைத்தியம் பார். கடைசியில் அவள் சொன்ன ஒரு வரி: எந்த நாளும் வரலாம், சொல்லாமல் வர வேண்டும்.

"அவரு எப்ப வந்தாலும் தூசி கண்ணுல படணும். அதுவரைக்கும் யாரும் பெருக்காதீங்க" என்றாள்.

சொல்வது சுலபம். எங்கள் பக்கத்தில் வாசல் தெளிக்காமல், கோலம் போடாமல் ஒரு வீடு இருந்தால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். ஒரு தெருவே அப்படிக் கிடப்பது என்றால்? பெண்கள் முகம் கறுத்தது.

"வெள்ளிக்கெழமை கூடவா டீச்சரம்மா? புள்ளைகுட்டிக்காரி நான், வெறும் வாசலை எப்படிப் பாக்கறது?" என்று கோவிந்தசாமியின் மனைவியே கண்ணீர் விட்டாள்.

"பெருக்கினா மட்டும் புள்ளைங்க நல்லாக் கீதா?" என்றாள் அஞ்சலை.

மறுநாளிலிருந்து தெரு துடைப்பத்தைத் தொடவில்லை. வீட்டுக்குள் பெருக்கலாம், வாசலும் தெருவும் அப்படியே இருக்க வேண்டும் என்று பேச்சு. நான் ஒரு படி மேலே போனேன். பள்ளிக்கூடத்தையும் பெருக்க வேண்டாம் என்றேன். அதிகாரி வந்தால் பெஞ்சில் விரலால் எழுதிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். மூன்று நாளில் தரையில் பிள்ளைகளின் கால் தடம் மாவில் பதிந்தது போல் பதிந்தது. காற்றடித்தால் எல்லாம் எழுந்து மறுபடி உட்கார்ந்தது.

என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்தில் வேலை. ஞாயிறு தோறும் வருவார். அந்த ஞாயிறு வந்தவர் வசந்தாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இவளை எங்க அக்கா வூட்ல கொண்டுபோய் வுட்டுட்டு அப்புறம் உன் போராட்டத்தைப் பண்ணு."

"டீச்சர் தன் பொண்ணை மட்டும் அனுப்பிட்டா, நம்மளை மட்டும் தூசியில உக்காரச் சொல்றான்னு ஊர் பேசாதாங்க? நாளைக்கே எல்லாரும் தொடப்பத்தை எடுத்துடுவாங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "ஊருக்கா பயப்படறே?" என்றார். வசந்தா என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் அவளை அனுப்பவில்லை.

ஜல்லி லாரி

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இருக்கும். வகுப்பில் வசந்தா படிக்க எழுந்தாள். ஒரு வரி படித்தாள். அடுத்த வரிக்கு வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மூச்சும் வரவில்லை. உதடு நாவற்பழம் தின்றது போல் நீலமாகிக்கொண்டு வந்தது. அவள் கை பெஞ்சைப் பிடித்தது. கை எடுத்த இடத்தில் தூசியில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அந்தத் தடம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. தூசியை அங்கே படியவிட்டவள் நான்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். பஸ் மெயின் ரோட்டில்தான் வரும், அதுவும் எப்போதோ. எதிரே ஜல்லி ஏற்றிய லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. காண்டிராக்டரின் லாரி. டிரைவர் பிள்ளையைப் பார்த்ததும் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க டீச்சரம்மா, ஜல்தி!"

என் மகளின் மூச்சை அடைத்த கல்லோடு சேர்ந்துதான் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பள்ளத்தில் லாரி குதிக்கும்போதெல்லாம் பின்னால் ஜல்லி கடகடவென்று உருண்டது. டிரைவர் வழியெல்லாம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரும் இருமிக்கொண்டேதான் ஓட்டினார்.

டாக்டர் ஊசி போட்டார். மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்ததும் கேட்டார்: "வீட்டைச் சுற்றித் தூசி அதிகமா?"

"ஆமாம்."

"பெருக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளக் கூடாதா? படித்தவர்கள்தானே நீங்கள்?"

மரத்தைக் கழுவியதைச் சொல்வதா, பெஞ்சைத் துடைக்காமல் விட்டதைச் சொல்வதா?

யார் வீட்டில் சாவு?

அதிகாரி அன்றைக்கேதான் வந்தார். நான் ஊரில் இல்லை. நடந்ததைக் கோவிந்தசாமி சொல்லித்தான் தெரியும்.

ஜீப் தெருமுனையில் நின்றதாம். போன முறை மாக்கோலம் பார்த்த தெரு, இப்போது ஒரு வாசலும் தெளிக்காமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஜீப் எழுப்பிய தூசியில் அவரே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று தெருவே லாரி போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தது.

அதிகாரி ஊர் வழக்கம் தெரிந்தவர்தான். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு கேட்டாராம்: "யார் வீட்டில் சாவு?"

கூட்டத்தின் பின்னாலிருந்து அஞ்சலை முன்னால் வந்தாள்.

"இன்னும் ஆவலைங்க ஐயா. அதுக்குள்ள வந்து பாருங்கன்னு தான் எழுதினோம்."

அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தாராம். பள்ளிக்கூடத்துக்குள் போனார். பெஞ்சில் இருந்த கைத்தடத்தைக் குனிந்து பார்த்தார். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

குன்றின் அந்தப் பக்கம்

ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். மிஷினை எடுத்துவிட்டார்கள். எடுத்து எங்கே வைத்தார்கள்? குன்றின் அந்தப் பக்கம். அங்கேயும் ஒரு ஊர் இருக்கிறது என்பதை எந்தக் காகிதமும் கேட்கவில்லை. கல்லை யாரும் நனைக்கவில்லை. வைத்தியம் பார்க்க யாரும் வரவில்லை. அஞ்சலையின் புருஷன் அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. அவள் மிஷினோடு கூடவே அந்தப் பக்கம் போனாள், வேறு வழியில்லாமல்.

வசந்தா இருக்கிறாள். பெரியவளாகிவிட்டாள். படி ஏறும்போது பாதியில் நின்று, யாரும் பார்க்காத மாதிரி மூச்சு வாங்கிக்கொள்வாள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். "அன்னைக்கு ஏம்மா என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பலே?" என்று அவள் இதுவரை கேட்டதில்லை.

மிஷின் போன மறு வருஷம், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ஓர் இளம் பெண் வந்தாள். தோளில் பை, கையில் குடை, புருவத்தில் தூசி. குன்றின் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சராம்.

"அஞ்சலைதான் உங்ககிட்டப் போகச் சொல்லிச்சு. மனு எழுதணும்."

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எந்த ஜன்னலில் கொடுப்பது, எத்தனை நகல், அமாவாசையை எப்படித் தவிர்ப்பது, கல் வேலைக்காரர்களிடம் முதலில் கேட்பது. ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.

"தெருவைப் பெருக்காம வெச்சிருந்தீங்களாமே. அஞ்சலை சொல்லிச்சு. நாங்களும் நாளைக்கே ஆரம்பிச்சுடறோம்" என்றாள். கண்ணில் அவ்வளவு உற்சாகம்.

"உனக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு இருக்குது டீச்சர். நாலு வயசு."

"நாளைக்கு ஆரம்பிக்க வேண்டாம். நாளைக்குக் காலையில முதல் பஸ்ல பிள்ளையை உங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விடு. ஊர் பேசும், பேசட்டும். ஊர்ல மத்தவங்க பிள்ளைங்களையும் அனுப்பச் சொல்லு. ஒரு பிள்ளையும் இல்லாத தெருவை அதிகாரி வந்து பார்க்கட்டும்" என்றேன். "அதுக்கப்புறம் துடைப்பத்தைக் கீழே வை."